66% ஹெட்டா, 100% ஹெட்டா, விஷுவலா: பால் பைத்தான் வாங்குறப்ப எந்த வார்த்தைக்கு காசு குடுக்கலாம்?

டெக்சஸ்ல ஒரு ரெப்டைல் ஷோ. டேபிள் மேல பக்கத்து பக்கத்துல ரெண்டு டப்பா, ரெண்டுலயும் ஒரே மாதிரி கருப்பும் பழுப்புமா ஒரு பால் பைத்தான் பாம்புக் குட்டி, தலைய நடுவுல ஒளிச்சுக்கிட்டு உருண்டையா சுருண்டு கெடக்கு. ஒண்ணுல "100% ஹெட் கிளவுன்"னு எழுதியிருக்கு, இன்னொண்ணுல "66% ஹெட் கிளவுன்". கிளவுன்ங்கிறது தோல்ல வர்ற ஒரு டிசைனோட பேர். விலை மட்டும்தான் வேற. நான் விலை கம்மியா இருந்த 66ஐ வாங்கினேன், கிளவுன் ஜீன் மூணுல ரெண்டு பங்கு இருக்குன்னு நெனச்சுக்கிட்டு.

அப்படி ஒண்ணு கெடையவே கெடையாது. ஜீனோட ஒரு காப்பி ஒரு பாம்புக்குள்ள இருக்கும், இல்லன்னா இருக்காது, அவ்ளோதான். கிளவுன் ரெசசிவ், அதாவது அப்பாகிட்ட இருந்து ஒண்ணு அம்மாகிட்ட இருந்து ஒண்ணுன்னு ரெண்டு காப்பி சேர்ந்தாதான் வெளிய தெரியும், அதைத்தான் விஷுவல்னு சொல்றாங்க. ஒரே ஒரு காப்பி ஒளிஞ்சிருந்தா அது ஹெட். 100% ஹெட்னா அப்பா அம்மா யாருன்னு தெரியும், கண்டிப்பா உள்ள இருக்கு. 66%ங்கிறது பாம்பைப் பத்தின அளவே இல்ல, நமக்கு எவ்ளோ தெரியும்ங்கிறதோட அளவு. ரெண்டு ஹெட்டை ஜோடி சேர்த்தா கணக்குப்படி நாலுல ஒண்ணு விஷுவல், ரெண்டு ஹெட், ஒண்ணு சுத்தமா நார்மல். விஷுவலை எடுத்து தனியா வச்சுட்டா மிச்சம் மூணும் பாக்க ஒண்ணு போல இருக்கும், அந்த மூணுல ரெண்டு ஹெட், அதான் 66. ஹெட்டையும் நார்மலையும் சேர்த்தா பொறக்குற எல்லாக் குட்டியும் 50% ஹெட்.

இப்ப பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, ஒரு ஈட்டுக்கு ஆறு முட்டைன்னு வச்சுக்கலாம். விஷுவல் கூட 100% ஹெட் போட்டா ஒவ்வொரு முட்டைக்கும் பாதிக்குப் பாதி சான்ஸ், ஆறுல ஒண்ணு கூட கிளவுன் வராம போறது 64க்கு ஒரு தடவைதான். ரெண்டும் 100% ஹெட்னா முட்டைக்கு கால் சான்ஸ், வெறுங்கையா நிக்கிறது 100க்கு 18 தடவை. ரெண்டும் 66%னா? ரெண்டுமே உண்மையில ஹெட்டா இருக்கிறதே 9ல 4, அதுக்கு மேல முட்டை சான்ஸும் சேரணும், கடைசியில 100க்கு 63 தடவை ஒண்ணும் வராது. விலையில நீங்க பாத்த வித்தியாசத்தை இந்த நம்பர் கூட வச்சு யோசிங்க, ஏன்னா பெண் பாம்பு 1500 கிராம் வந்து முட்டை போட மூணு வருஷம் பக்கமா ஆகும்.

நான் வாங்கின அந்த 66% ஹெட் பெண் பாம்புக்கு மூணு வருஷம் கழிச்சு ஒரு விஷுவல் கிளவுன் ஆணைப் போட்டேன். ஆறு முட்டை. ஈரம் காக்கிற வெர்மிகுலைட் போட்ட டப்பாவுக்குள்ள ரெண்டு மாசம் பக்கமா வச்சிருந்து, ஒரு நாள் ராத்திரி முதல் முட்டையோட தோல் கீறி மூக்கு நுனி மட்டும் வெளிய வந்துச்சு, டார்ச் அடிச்சுப் பாத்தா விலாவுல பெரிய பெரிய தீவு மாதிரி திட்டு, நார்மல் குட்டிக்கு இருக்கிற அதே திட்டு. கிளவுனுக்கு முதுகுல ஒரு பட்டை நீளமா ஓடும், விலா காலியா இருக்கும். ஆறும் பாக்க நார்மல். அதுக்கப்புறமும் அவ ஹெட்டா இருக்க 3%தான் வாய்ப்புன்னு கணக்கு சொல்லுச்சு, மனசு ஆறாம உரிச்ச சட்டைய லேபுக்கு அனுப்பினேன், இப்ப சில மார்ஃபுக்கு, அதாவது கிளவுன் மாதிரி நிற, டிசைன் வகைக்கு, சட்டையை வச்சே ஜீன் டெஸ்ட் பண்றாங்க. இல்லைன்னு வந்துச்சு. வித்தவர் ஏமாத்தல, 66னு எழுதினார், மூணுல ஒண்ணு இப்படித்தான் இருக்கும்.

இன்னொரு வழி மோஹாவி, லெஸ்ஸர்னு ரெண்டு மார்ஃபை ஜோடி சேர்க்கிறது. நீலக்கண்ணு வெள்ளைப் பாம்பு வர்றதுக்கு இங்கயும் நாலுல ஒண்ணுதான், ஹெட் கிளவுன் ஜோடி மாதிரியே. ஆனா மிச்சக் குட்டியில எது மோஹாவி, எது லெஸ்ஸர், எது நார்மல்னு கண்ணாலயே தெரியும், "பாசிபிள் ஹெட்"ங்கிற பேச்சே இல்ல. முதல் ப்ராஜெக்ட்டுக்கு இதுதான் நிம்மதி. இந்த ரெண்டும் ஒரே ஜீனோட ரெண்டு வடிவம், அதனால அந்த வெள்ளைப் பாம்பை நார்மலோட போட்டா குட்டி ஒவ்வொண்ணும் மோஹாவி இல்லன்னா லெஸ்ஸர், நார்மலே வராது. பேஸ்டல்ங்கிற இன்னொரு மார்ஃபும் மோஹாவியும் சேர்ந்த பாம்பை அதே மாதிரி போட்டா கால்வாசி நார்மல் வரும், ஏன்னா அது ரெண்டும் வேற வேற ஜீன்.

பேஸ்டல், மோஹாவி இதையெல்லாம் கோ-டாமினன்ட்னு சொல்லிப் பழகிட்டாங்க. ஏபி ரத்த வகைதான் உண்மையான கோ-டாமினன்ட், ரெண்டும் முழுசா தெரியும். இங்க நடக்கிறது நம்ம அந்திமந்தாரை கதை, சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்தா ரோஸ் வருமே அது, இன்கம்ப்ளீட் டாமினன்ட். ஒரு காப்பி இருந்தா பேஸ்டல், ரெண்டு இருந்தா இன்னும் மஞ்சளா சூப்பர் பேஸ்டல். பின்ஸ்ட்ரைப்ங்கிற மார்ஃப்ல ரெண்டு காப்பி இருந்தாலும் ஒண்ணு இருக்கிற மாதிரியேதான் தெரியும், அது டாமினன்ட். பேரை எப்படி வேணா சொல்லிக்கோங்க, "சூப்பர் எப்படி இருக்கும்"னு மட்டும் கேட்டு வாங்குங்க.

பேர் ஒண்ணு போல இருக்கிறதை நம்பி ஜோடி போடுறது இதைவிட மோசம். அல்பினோவும் லாவெண்டர் அல்பினோவும் ரெண்டுமே ரெசசிவ், ரெண்டுலயும் கருப்பு போயிடும், சேர்த்தா அல்பினோதான் வரும்னு தோணும். எல்லாக் குட்டியும் நார்மலா பொறக்கும்! 2022ல ஈஸ்டர்ன் மிச்சிகன் யுனிவர்சிட்டி ஆராய்ச்சியில ஜீனே வேறன்னு கண்டுபிடிச்சாங்க, அல்பினோவுக்கு டைரோசினேஸ் ஜீன், லாவெண்டருக்கு ஓசிஏ2. ஆனா அல்பினோ கூட கேண்டிங்கிற மார்ஃபைப் போட்டா ரெண்டும் கலந்த கேண்டினோ கண்ணுக்குத் தெரியிற மாதிரி வரும், ரெண்டும் ஒரே ஜீனோட ரெண்டு வடிவம். மஞ்சள் இல்லாத ஆக்சாந்திக்லயும் இதே பிரச்சினை, விபிஐ, டிஎஸ்கேன்னு வேற வேற வம்சமா (லைன்) வந்த ரெண்டும் ஒத்துவராது, லைன் பேர் சொல்லத் தெரியாதவர்கிட்ட ஆக்சாந்திக் வாங்காதீங்க.

ஸ்பைடர்ங்கிற மார்ஃபை டாமினன்ட்னு எழுதி விப்பாங்க, ஒரு காப்பி போதும், கோடு கோடா அழகா இருக்கும். அந்த ஒரு காப்பியே தலை ஆட்டத்தையும் கூட்டிட்டு வருது. எலியைக் காட்டினா தலை திருகிக்கிட்டு குறி தவறி அடிக்கிறதைப் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன், இனி எந்த விலைக்கும் எனக்கு வேணாம்.

காசு அளவா இருக்குன்னா நான் சொல்றது இது. ஆண் பாம்பு சீக்கிரம் ரெடியாகும், ஒரே ஆணை நாலு பெண்ணுக்குப் போடலாம், அதனால பெரிய காசை விஷுவல் ஆணுக்குப் போடுங்க. பெண்ணை 100% ஹெட்டா வாங்குங்க, அப்பா அம்மா போட்டோவோட. 66% பாம்பு பிடிச்சிருந்தா நார்மல் விலைக்கு மேல கொஞ்சம் குடுத்து, நார்மல்னே நெனச்சு வாங்கி வளருங்க.