மெமரி ஆப்ல தேறுனது ஒரே ஒரு கேம்தான்

ஞாபக சக்தியை கூட்டுறேன்னு சொல்ற ஆப் ஒன்னுக்கு வருஷ சந்தா கட்டி ஓட்டிட்டு இருக்கேன், பேரு வேணாம், எல்லாம் ஒரே குட்டைதான். திறந்ததுமே "ஒரு மூளை செல், ஒரு ஞாபகம், ஒவ்வொரு லெவல்லயும் தூங்குற செல் ஒன்னு முழிக்கும்"னு அனிமேஷன் ஓடும் பாருங்க, செம காமெடி.

இதை எங்க இருந்து உருவுனாங்கன்னு தெரியும். வலிப்பு எங்க ஆரம்பிக்குதுன்னு கண்டுபிடிக்க பேஷன்ட் மூளைக்குள்ள மெல்லிசா கம்பி வைப்பாங்க, அப்படியே தனித்தனி மூளை செல் விடுற சிக்னலையும் கேக்கலாம். மூளை ஆராய்ச்சியாளர் கியான் கிரோகா, சர்ஜன் இட்ஸாக் ஃபிரைட் டீம் 2005ல அப்படித்தான் ஹாலிவுட் நடிகை ஜெனிஃபர் அனிஸ்டன் போட்டோவுக்கு மட்டும் துடிக்கிற செல்லை பாத்தாங்க, இன்னொருத்தருக்கு நடிகை ஹாலி பெர்ரி செல், போட்டோ காட்டுனாலும் படம் வரைஞ்சு காட்டுனாலும் வெறும் பேரை எழுதி காட்டுனாலும் அடிக்குது, அதாவது ஆளு யாருங்கறதைத்தான் புடிச்சு வச்சிருக்கு. ஆனா அந்த அனிஸ்டன் செல்லே அப்புறம் கூட நடிச்ச லிசா குட்ரோவுக்கும் அடிச்சுச்சு, ஒரு ஆளை ஞாபகம் வச்சுக்க நிறைய செல் சேர்ந்து வேலை பாக்கும்னுதான் அவங்களே சொல்றாங்க. ஆப்காரன் இதுல பாதியை மட்டும் கிழிச்சு எடுத்துக்கிட்டான்.

எனக்கு புடிச்சது முகம்-பேரு-இடம் சேக்குற கேம். தெரியாத ஒரு முகம், கூட ஒரு ஊர், ரெண்டையும் ஒரே படத்துல காட்டி அப்புறம் ஊரை மட்டும் காட்டி ஆளு யாருன்னு கேக்கும். 2015ல அதே டீம் கிட்டத்தட்ட இதைத்தான் பண்ணுச்சு, ஒரு ஆளுக்கு அடிக்கிற செல், அந்த ஆளை ஒரு இடத்தோட சேத்து காட்டுனதுக்கு அப்புறம் வெறும் இடத்துக்கும் அடிக்க ஆரம்பிச்சிருச்சு, சில செல்லுக்கு ஒரு தடவை காட்டுனதே போதுமாம்! நான் இப்ப கல்யாண வீட்டுல புதுசா யாரையாவது பாத்தா பேரோட எந்த ஊரு, யாரு வீட்டுக்கு சொந்தம்னு சேத்து முடிச்சு போட்டுக்கறேன், அது நிக்குது. இதுக்கு ஆப்பே தேவையில்ல, அது வேற விஷயம்.

மத்த கட்டம் அடுக்குற, கலர் தட்டுற கேம் எல்லாம் டைம்பாஸ். ஸ்கோர் ஏறும், கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும்ங்கறது மறக்கத்தான் செய்யும். இதே மாதிரி மூளை கேம் விக்கிற லுமாசிட்டி மாதிரி பெரிய கம்பெனியே விளம்பரத்துல ஓவரா அளந்துவிட்டதா கேஸ் வந்து 2016ல அமெரிக்காவுல 20 லட்சம் டாலர் கட்டி முடிச்சுக்கிட்டாங்க.

5க்கு 2. ட்ரை பண்றவங்க ஃப்ரீ வெர்ஷன்லயே அந்த ஒரு கேம் இருக்கு, அதோட நிறுத்திக்கோங்க. சந்தா கட்டிட்டீங்கன்னா ஆட்டோ ரினியூவலை இப்பவே ஆஃப் பண்ணுங்க, அந்த பட்டனை செட்டிங்ஸ்ல அடி ஆழத்துல ஒளிச்சு வச்சிருக்காங்க.