102 எம்எம் ஈடி ரிஃப்ராக்டர்: லென்ஸ் தங்கம், ஃபோகஸர் தண்டம்

இந்த ரிஃப்ராக்டர், அதாவது லென்ஸ் வைத்த தொலைநோக்கி, விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். அவர் கேட்ட அன்றுதான் என்னுடையது லேத் பட்டறையிலிருந்து திரும்பி வந்திருந்தது. ஆகவே என் எரிச்சலைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு இதைப் படியுங்கள். 102 எம்எம் லென்ஸ், எஃப்/7 (குவிய நீளம் விட்டத்தைப் போல ஏழு மடங்கு), ஈடி டப்லெட், அதாவது இரண்டு கண்ணாடிகள் சேர்ந்த லென்ஸ். எடை எவ்வளவு, பெட்டிக்குள் என்னென்ன வரும் என்பதெல்லாம் விற்கிறவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள், நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. எந்தக் கம்பெனி என்றும் சொல்லப்போவதில்லை. ஒரே சரக்கு வெவ்வேறு ஸ்டிக்கரோடு வருவதும் உண்டு என்பதால் பெயரைச் சொல்லிப் பெரிய பயன் இல்லை.

இது தவிர என்னிடம் இன்னும் மூன்று ரிஃப்ராக்டர்கள் இருக்கின்றன. பழைய 60/700 ஒன்று, குட்டையான 80/400 ஒன்று, நெட்டையான 80/900 ஒன்று. முதல் எண் லென்ஸின் விட்டம், அடுத்தது குவிய நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். அதே காசுக்கு, லென்ஸுக்குப் பதில் குழிந்த ஆடி வைத்த நியூட்டோனியன் வாங்கினால் இரண்டு மடங்கு விட்டம் கிடைக்குமே என்று சொல்ல வருகிறவர்களுக்கு: தெரியும். கருப்பு வானத்தில் ஊசி முனை மாதிரி நிற்கிற நட்சத்திரத்தைப் பார்த்து ஒருதரம் மயங்கியவனிடம் அந்தக் கணக்கெல்லாம் எடுபடாது.

நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப்போக மறந்துவிடுவேன்.

சாதாரண அக்ரோமேட் லென்ஸில் கிரவுன் கண்ணாடி ஒன்று, ஃப்ளின்ட் கண்ணாடி ஒன்று. இரண்டும் சேர்ந்து சிவப்பையும் நீலத்தையும் ஒரே இடத்துக்கு இழுத்து வந்துவிடும், ஊதா மட்டும் அடங்காமல் தனியே நிற்கும். நிலாவின் விளிம்பிலும் வெள்ளியைச் சுற்றியும் தெரிகிற ஊதாப் படலம் அதுதான். ஈடி என்பது நிறங்களை மிகக் குறைவாகப் பிரிக்கிற கண்ணாடி. என்னுடையதில் எஃப்பிஎல்-53 என்று போட்டிருக்கிறது, ஜப்பானில் ஓஹாரா தயாரிப்பது. 80/400-இல் நிலாவைப் பார்த்துவிட்டு அப்படியே இதற்கு வந்து பாருங்கள், யாரோ ஊதாச் சாயத்தைத் துடைத்து எடுத்துவிட்ட மாதிரி இருக்கும். விளிம்பு வெள்ளை, பக்கத்து வானம் கருப்பு, நடுவில் ஒன்றும் இல்லை. வியாழனின் பட்டைகளில் பழுப்பு நிறம் பழுப்பாகவே தெரியும். புனர்பூசத்தின் காஸ்டர் ஐந்தரை கோண நொடி (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்குதான் ஒரு நொடி) இடைவெளியில் இரண்டாகப் பிரிந்து நிற்பதை 80 எம்எம்மிலும் பார்க்கலாம்தான், ஆனால் இதில் பார்க்கும்போது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இருட்டு வேறு மாதிரி இருக்கும். கேட்டையின் மங்கலான துணை நட்சத்திரம் மூன்று நொடிக்கும் குறைவான இடைவெளியில் பெரியவரின் வெளிச்சத்திலேயே மூழ்கிக் கிடப்பது. காற்று அசையாமல் நின்ற ஓர் இரவில் அதையும் இந்த லென்ஸ் காட்டியது. கண்ணாடியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது.

இனி ஃபோகஸர், அதாவது கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸை முன்னும் பின்னும் நகர்த்திப் படத்தைக் கூர்மையாக்கும் பகுதி.

ரிஃப்ராக்டர் பற்றி நாம் படிக்கிற விமர்சனங்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ இருந்து எழுதியவை. அங்கே கிரகங்கள் தெற்கே சாய்வாகத்தான் போகும். லண்டன் இருப்பது 51.5 பாகை வட அட்சரேகையில். 2019, 2020 ஆண்டுகளில் வியாழன் வானத்தின் தென்கோடியில் கிடந்தபோது அங்கே அது ஏறிய உச்ச உயரமே 16 பாகை அளவுதான். நான் இருப்பது கோயம்புத்தூர், 11 பாகை. அதே வியாழன் அப்போதே இங்கே 57 பாகைக்கு ஏறியது. 2026 ஜனவரி 10 அன்று மிதுனத்தில் சூரியனுக்கு நேர் எதிரே வந்து நின்றபோது 79 பாகை, அதாவது தலைக்கு நேர் மேலே, கொஞ்சம் வடக்கே தள்ளி. சனி, செவ்வாய் எல்லாருக்கும் இங்கே இதே பாதைதான். நள்ளிரவு நெருங்க நெருங்க நம் தொலைநோக்கி செங்குத்தாக நிமிர்ந்துவிடும்.

பார்ப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. குறுக்கே இருக்கும் காற்று மிகக் குறைவு, படம் கொதிக்காது, அடிவானத்தில் காற்றே பட்டகம் மாதிரி நிறங்களைப் பிரித்துவிடும் தொல்லையும் இல்லை. லண்டன்காரர் ஈடி கண்ணாடிக்குக் கொடுத்த காசில் ஒரு பங்கை 16 பாகைக் காற்று தின்றுவிடும், நமக்கு முழுக் காசும் திரும்ப வரும். ஆனால் லென்ஸுக்கு அவ்வளவு நல்ல இடமாகிய அந்த உச்சிதான் ஃபோகஸருக்கு மிக மோசமான இடம். சாய்வாக இருக்கும்போது டயகனல் (ஒளியைப் பக்கவாட்டில் திருப்பி ஐபீஸுக்கு அனுப்பும் துண்டு), ஐபீஸ் இவற்றின் எடை பெரும்பாலும் பக்கவாட்டில் அழுத்தும். டியூப் செங்குத்தாக நிமிர்ந்ததும் மொத்த எடையும் ஃபோகஸர் குழாயை நேராகக் கீழே இழுக்கும். இரண்டு அங்குல டயகனலும் அதே அளவில் ஒரு கனமான ஐபீஸும் போட்டால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும்.

இதில் இருப்பது கிரேஃபோர்ட் வகை ஃபோகஸர். பல் சக்கரம் கிடையாது. குழாயின் ஒரு பக்கத்தில் தட்டையான ஒரு தடம், அதன் மேல் ஒரு தண்டு அழுத்திக்கொண்டு உருளும், எதிர்ப்பக்கம் நான்கு பேரிங். உராய்வு ஒன்றுதான் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் கிரேஃபோர்ட் மேனர் ஹவுஸ் வானியல் சங்கத்தைச் சேர்ந்த ஜான் வால் என்ற அமெச்சூர் உருவாக்கியது, அந்த ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. பல் இல்லாததால் தட்டுத் தடங்கல் இல்லாமல் வழுவழுவென்று நகரும், அருமையான யோசனை, ஒழுங்காகச் செய்திருந்தால். என்னுடையதில் அந்தத் தடம் சரியான தட்டையாக இருக்கவில்லை. மேலே அனோடைசிங் (அலுமினியத்துக்குப் போடும் மேற்பூச்சு) செய்து பளபளவென்று விட்டிருந்தார்கள், போதாக்குறைக்கு கிரீஸ் வேறு. உராய்வை நம்பி ஓடுகிற சாதனத்தில் கிரீஸ் தடவிய மகானுபாவர் யாரோ தெரியவில்லை.

வியாழனை 143 மடங்கில் வைத்து, பெரும் சிவப்புப் புள்ளி விளிம்புக்கு வரும் நேரம் பார்த்து, ஃபோகஸை நுணுக்கமாகக் கூட்டி நிமிர்ந்தால், படம் மெல்ல மெல்ல மங்கும். கண்ணில் நீர் கோத்துவிட்டதோ, மேகம் வந்துவிட்டதோ என்று முதலில் தோன்றும். இல்லை, குழாய் இறங்கிக்கொண்டிருக்கிறது. அடியில் இருக்கும் திருகை இறுக்கினால் வழுக்குவது நிற்கும், ஆனால் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் நகர்த்துவதற்கான நுண்சுழற்சிக் குமிழ் சும்மா சுற்றும், குழாய் நகராது. பூட்டுத் திருகைப் போட்டால் படமே பக்கத்தில் ஒரு துள்ளு துள்ளிவிட்டு நிற்கும். தளர்த்தினால் மறுபடி வழுக்கல். விற்றவரிடம் சொன்னதற்கு, டியூபைக் கொஞ்சம் சாய்வாக வைத்துப் பாருங்கள் என்றார்கள். வியாழனிடம் போய்ச் சொல்லவா?

80/900-ஐப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் கோபத்தில் பாதிக்குக் காரணம் அதுதான். ஃபோகஸர் முழுக்க பிளாஸ்டிக் வாடை, பல் சக்கர வகை, குமிழைத் திருப்பினால் ஒரு கால் சுற்று ஒன்றும் நடக்காது, அப்புறம்தான் நகரும். விலை 102-இன் விலையில் சின்னப் பங்கு. உச்சி வானத்தில் அது அசைவதே இல்லை. பல் இருப்பதால் வழுக்காது, சரி, அது ஒரு காரணம். இன்னொரு காரணம் எஃப் எண். படம் கூர்மையாக இருப்பதற்கு ஃபோகஸ் எவ்வளவு தள்ளிப்போகலாம் என்பதற்குப் பொதுவாகப் போடுகிற கணக்கு, ஒளியின் அலைநீளத்தில் இரண்டு மடங்கை எஃப் எண்ணின் வர்க்கத்தால் பெருக்குவது. பச்சை ஒளிக்கு எஃப்/7-இல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 0.05 எம்எம் வரும். எஃப்/11-ஐத் தாண்டிய 80/900-க்கு 0.14 எம்எம். எஃப்/5 ஆன 80/400-க்கு 0.03 எம்எம்கூட இல்லை. ஆக, நெட்டைக் குழாய் ஏறக்குறைய இரண்டரை மடங்கு மன்னிக்கும். அது கொஞ்சம் இறங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது, 102 அதில் பாதி இறங்கினாலே போச்சு.

ஊதாப் படலம் 80/900-இலும் இருக்கிறது, ஆனால் எஃப் எண் பெரிது என்பதால் 80/400-இல் இருப்பதில் ஒரு சாயல்தான். வெள்ளியைப் பார்த்தால் தெரியும், சனியில் தேடினாலும் கிடைக்காது. 150 மடங்கில் சனியின் வளையத்தை வைத்துவிட்டு, வீட்டில் இருக்கும் எல்லாரையும் வரிசையாகக் கூப்பிட்டுக் காட்டி முடிக்கும் வரை ஒரு முறைகூடக் குமிழைத் தொட வேண்டியிருக்கவில்லை. 102-இல் ஒவ்வொருவருக்கும் நடுவில் நான் போய்ச் சரிசெய்ய வேண்டியிருந்தது. பார்க்கிறவர்களுக்கு எந்தத் தொலைநோக்கி விலை அதிகம் என்று தெரியாது, எதில் சனி தெளிவாகத் தெரிந்தது என்றுதான் ஞாபகம் இருக்கும்.

நெட்டைக் குழாய்க்கும் சாபம் உண்டு. உச்சியைப் பார்க்கும்போது ஐபீஸ் முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும், பாய் விரித்து உட்கார வேண்டியதுதான். சாய்ந்த வானத்தைப் பார்க்கத் திருப்பினால் அதுவே நெஞ்சு உயரத்துக்கு ஏறிவிடும். இது நம் மாதிரி ஏழைகளின் தொல்லை மட்டும் அல்ல. 1897-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் திறந்த யெர்க்ஸ் வானாய்வகத்தில் 102 சென்டிமீட்டர் லென்ஸ் இருக்கிறது, ரிஃப்ராக்டர்களில் வேலைக்கு வந்த மிகப் பெரியது அதுதான். அங்கே ஐபீஸ் ஏறி இறங்குவதற்கு ஈடுகொடுக்க, குவிமாடத்தின் தரையையே லிஃப்ட் மாதிரி ஏற்றி இறக்கும்படி கட்டினார்கள். என் விட்டமும் 102 தான், எம்எம்மில். மொட்டைமாடித் தரை ஏறி இறங்காது.

ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்துவிட்டால் நெட்டைக் குழாய் பாய்மரம் மாதிரி ஆடும், அந்த மாதங்களில் அதை நான் வெளியே எடுப்பதில்லை. மவுண்ட், அதாவது தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் பீடம், அந்த விஷயத்திலும் நமக்கு ஓரவஞ்சனைதான். வானத்தின் சுழற்சியோடு சேர்ந்து திரும்பும் ஈக்யூ மவுண்டின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும், அது இங்கே அடிவானத்துக்கு மேல் 11 பாகையில் தென்னை மரத்துக்குப் பின்னால் கிடக்கிறது. சில மவுண்டுகளில் அட்சரேகைத் திருகு அவ்வளவு கீழே இறங்காது, இறங்கினாலும் எடைக்கல் தண்டு ட்ரைபாட் காலில் போய் இடிக்கும். நான் மேலும் கீழும், இடமும் வலமும் மட்டும் திரும்பும் ஆல்ட்-அசிமத் மவுண்டுக்கு மாறி நிம்மதியாகிவிட்டேன். ஆனால் அதிலும் 102 உச்சிக்குப் போகும்போது ஃபோகஸர் குமிழ் ட்ரைபாட் காலில் உரசுகிறது. நடுவில் ஒரு நீட்டிப்புத் தூண் போட்டால் சரியாகும். அதற்கும் தனிக் காசு.

மற்ற இரண்டைப் பற்றி அதிகம் இல்லை. 80/400 கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்கும் ஒமேகா சென்டாரி என்ற கொத்துக்கும் மட்டும், 30 மடங்கைத் தாண்டினால் அதன் மேல் குறை சொல்வது பாவம். 60/700 விற்கவும் மனசில்லை, பயன்படுத்தவும் இல்லை. லென்ஸில் ஓரமாகப் பூஞ்சை பிடித்த கோடுகள் இருக்கின்றன, படத்தில் ஒன்றும் தெரியவில்லை. பூஞ்சைக்குப் பயந்து இப்போது எல்லாவற்றையும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில் வைக்கிறேன். பனியில் நனைந்த லென்ஸைத் துடைக்காமல் மின்விசிறிக் காற்றில் காயவிட்ட பிறகுதான் மூடி போடுகிறேன்.

சரி, லேத் பட்டறை. வேறு கம்பெனியின் பல் சக்கர ஃபோகஸர் வாங்கி மாட்டலாம் என்று பார்த்தால் விலை தொலைநோக்கி விலையில் கணிசமான பங்கு வந்தது. நம் ஊரில் லேத்துக்குப் பஞ்சமா? பம்பு செட் பாகங்கள் கடைகிற ஒரு அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கழற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், புடிக்க வேண்டிய எடத்துல எண்ணெய வெச்சிருக்கறாங்க, எப்படிங்க நிக்கும்?" என்றார். இத்தனை நாள் நான் புலம்பியதை ஒரே வரியில் முடித்துவிட்டார். தடத்தைத் தேய்த்துச் சமமாக்கி, கிரீஸை முழுக்கக் கழுவி, தண்டுக்கு அடியில் இருந்த நைலான் துண்டை எடுத்துவிட்டுப் பித்தளையில் ஒன்று கடைந்து போட்டார், திருகையும் கொஞ்சம் பெரிதாக மாற்றினார். வாங்கிய கூலி, பெட்டியோடு வந்த அந்த உபயோகமில்லாத அலுமினியச் சூட்கேஸின் விலைகூட வராது.

இப்போது வழுக்கவில்லை. நுண்குமிழ் வேலை செய்கிறது. கனமான ஐபீஸோடும் உச்சியில் நிற்கிறது. பூட்டுத் திருகு போட்டால் படம் துள்ளுவது மட்டும் அப்படியேதான் இருக்கிறது, அதனால் பூட்டுவதே இல்லை. போன சனிக்கிழமை காஸ்டரையும் வியாழனையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன், இந்த லென்ஸைப் போல ஒன்று என் கைக்கு வந்தது அதிர்ஷ்டம்தான் என்று அப்போது தோன்றியது. அடுத்த நிமிடமே, இவ்வளவு காசு வாங்கியவர்கள் செய்திருக்க வேண்டிய வேலையைப் பம்பு செட் பட்டறையில் செய்ய வேண்டியிருந்ததே என்று கோபமும் வந்தது.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். அதில் சின்னப் பங்கு கொடுத்து ஒரு 80/900 வாங்குங்கள், மிச்சக் காசில் நல்ல மவுண்டும் இரண்டு ஐபீஸும் வாங்குங்கள். அப்படியும் ஈடிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், கடையிலேயே டியூபைச் செங்குத்தாக நிறுத்தச் சொல்லி, நீங்கள் வைத்திருப்பதிலேயே கனமான ஐபீஸைப் போட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து குழாய் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போங்கள், கண் அளவை நம்ப வேண்டாம். பிறகு, என்னுடையதை விற்பேனா என்றும் கேட்டிருந்தீர்கள். விற்க மாட்டேன்.