உரக்கடை நீத்து கக்கா: கருங்கல் கணப்புக்கு வெள்ளையடிக்க எப்படி?

ஏலக்காய்த் தோட்டக்காரர்கள் பூஞ்சை நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவைக்கு வாங்கும் அதே நீத்து கக்காவைப் பற்றித்தான் இந்த மதிப்பீடு. காயலில் கிடைக்கும் கக்கா என்ற சிப்பியின் ஓட்டைச் சூளையில் சுட்டெடுத்த சுண்ணாம்பு. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கம் பழைய எஸ்டேட் பங்களாக்களில் குளிர்காயத் தீ மூட்டும், கரியேறி நிற்கும் கருங்கல் கணப்புகளுக்கு, பெயிண்ட் கடையில் கிடைக்கும் எதையும்விட இது பொருத்தம். சரக்கு உயிரோடு இருக்க வேண்டும், கல்லும் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உரக்கடையில் வெறுமனே "சுண்ணாம்பு" என்று கேட்டால் பெரும்பாலும் வேறு மூட்டையைத்தான் தூக்கிப் போடுவார்கள். மண்ணின் புளிப்பு முறிக்கப் போடும் சுண்ணாம்புக்கல் தூள், டோலமைட் இரண்டும் சுடாத கல்லை அரைத்தவை. கரைத்துப் பூசினால் வெள்ளையாகத் தெரியும், காய்ந்ததும் விரலோடு வந்துவிடும். நீத்து கக்கா என்றே கேளுங்கள். ஓடு ஓடாகவே வாங்குங்கள், பொடியாக வேண்டாம். கடையிலேயே ஒரு சில்லை எவர்சில்வர் டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் சீறிக் கொதித்து, உடைந்து மாவானால் நல்ல சரக்கு. சும்மா மூழ்கிக் கிடந்தால், அந்த மூட்டை மழைக்காற்றில் வாய் திறந்து கிடந்து காற்றிலிருந்த ஈரத்தையும் கரியமில வாயுவையும் குடித்துச் செத்துப் போனது. ஆடி, ஆவணியில் இதுதான் பெரிய தலைவலி.

ஒரு கணப்புக்கும் அதன் மேல்சுவருக்கும் 2 கிலோ தாராளம். இரும்பு டிரம்மில் 10 லிட்டர் தண்ணீர் வைத்து, அதில் கக்காவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கண்ணுக்குத் தெறிக்கும், கண்ணாடி இல்லாமல் யாரும் கிட்டே போக வேண்டாம். பிளாஸ்டிக் வாளி சூட்டில் நெளியும், அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பே அரித்துவிடும். 24 மணி நேரம் ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். இந்த வடிகட்டலில்தான் கக்காவின் குறை தெரியும். சரியாக வேகாத ஓட்டுச் சில்லு கல் சுண்ணாம்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே அடியில் தங்கும். வடித்ததில் 40 கிராம் பசையை வெந்நீரில் கரைத்துச் சேர்க்கலாம். பளிச்சென்று வேண்டுமானால் கிலோவுக்கு 3 கிராம் வரை நீலம். பசை கூடினால் ஹைரேஞ்ச் மலைப்பக்க ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், ஒட்டட்டுமே என்று அள்ளிப் போடாதீர்கள்.

பூசுவதற்கு முன் புகைக்கறை. பாதி வேலை இங்கேதான். கணப்பு வாய்க்கு மேலே கல்லில் படிந்திருப்பது வெறும் கரி அல்ல, விறகின் தார். முதலில் உலர்ந்த கம்பி பிரஷ்ஷால் தேய்த்து உதிர்க்க வேண்டும், எடுத்தவுடன் தண்ணீர் பட்டால் கரி கல்லுக்குள் இறங்கிவிடும். பிறகு வெந்நீரில் சலவைச் சோடா கரைத்துத் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவுங்கள். ஆசிட் கூடவே கூடாது, கல்லுக்கு நடுவில் உள்ள பழைய சுண்ணாம்புச் சாந்தைத் தின்றுவிடும். தார் மிச்சமிருந்தால் ஒவ்வொரு கையிலும் (அதாவது ஒவ்வொரு பூச்சிலும்) பழுப்பாக ஊறி மேலே வரும். அதை மறைக்கும் சக்தி எந்தச் சுண்ணாம்புக்கும் கிடையாது.

இனி கல். கருங்கல் தண்ணீரைக் குடிக்காது. கொத்திய முகமுள்ள கல்லில் சுண்ணாம்பு பிடிக்கும், இழைத்து வழவழப்பாக்கிய கல்லில் நிற்காது. நடுத்தரமான கல்லுக்கு முதல் கையில் மட்டும் சலித்த பொடிமணல் கொஞ்சம் கலந்தால் அடுத்த கைக்குப் பிடிமானம் கிடைக்கும். ஏற்கெனவே எமல்ஷன் அடித்த கல் என்றால் அதைச் சுரண்டி எடுக்காமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

கல்லை நனைத்து, நீர் வடிந்து ஈரப்பதம் நிற்கும்போது பால் பதத்தில் பூச வேண்டும். பூசும்போது ஒன்றுமே அடிக்காத மாதிரி கல் அப்படியே தெரியும், காய்ந்தால்தான் வெளுக்கும். இதைத் தெரியாத ஆள் உடனே கெட்டியாக இன்னொரு தடவை இழுப்பார். அதுதான் பிறகு செதில் செதிலாக உரியும். சுவருக்கு மூன்று கை போதும், கருங்கல்லுக்கு நாலைந்து ஆகும். கைக்குக் கை ஒரு நாள் இடைவெளி, நடுவில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் நல்லது. மட்டையைவிட உருண்டை பிரஷ் கல் இடுக்குகளுக்குள் நன்றாக இறங்கும்.

கடைசிக் கை முடிந்து ஒரு வாரமாவது தீ மூட்டக் கூடாது. சுண்ணாம்பு இறுகுவது ஈரம் இருக்கும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சேர்த்துத்தான். தீச்சூட்டில் ஈரம் முந்திப் போனால் பொடியாகவே நின்றுவிடும். ஜனவரிக் குளிரும் ஆகாது, மாசி, பங்குனிதான் தோது. புகைபோக்கி வழியே மழைநீர் இறங்கும் வீடானால் முதலில் மேலே மூடி போடுங்கள், இல்லாவிட்டால் உப்புப் பூத்துத் தள்ளும்.

எமல்ஷனோடு ஒப்பிட்டால், கணப்பு வாயை ஒட்டிய கல்லில் அது மஞ்சளாகி உரியும், சூட்டில் வாடையும் வரும். கக்கா எரியாது, நாறாது, ஈரத்தையும் அடைக்காது. ஆனால் சாய்ந்தால் கொஞ்சம் உடுப்பில் ஒட்டும், வாய்க்கு மேலே புகை மறுபடி ஏறும், அந்த இடத்துக்கு ஆண்டுதோறும் ஒரு கை தேவைப்படும். நெருப்பு எரியும் உட்குழிக்குள் இதை அடிப்பது வீண், அதை வெறுமனே விட்டுவிடலாம். நேர்த்தியாகக் கொத்தி அடுக்கிய நல்ல கல்வேலை என்றால் வெள்ளையே அடிக்காமல் விடுவதுதான் மரியாதை, ஒரு முறை நுண்துளைக்குள் இறங்கிய சுண்ணாம்பு முழுதாகத் திரும்பி வராது.

மேலே தேக்குப் பலகையோ ஈட்டிப் பலகையோ இருந்தால் பாலிதீன் தாள் கட்டி மூடுங்கள், சுண்ணாம்பு சொட்டிய இடம் கறுத்துப்போகும். மிஞ்சியதைக் கொட்ட வேண்டாம். நாலு விரல் தண்ணீர் மேலே நிற்கும்படி மூடி வைத்தால் அடுத்த ஆண்டுக்கு இன்னும் நைசாக இருக்கும்.