இரண்டு நாள் என்றார், ஒன்பது நாள் ஆனது. ஆனாலும் நாலு ஸ்டார்

குன்னூரில் சின்னதாக ஒரு ஆர்க்கெஸ்ட்ரா வைத்திருக்கிறேன். கீபோர்டும் நான்தான், குழுவை மேய்ப்பதும் நான்தான். நவம்பர் மழை முடிந்த கையோடு என் 61 கட்டை கீபோர்டில் நடுவில் இரண்டு கட்டைகள் மெல்லத் தொட்டாலே அலற ஆரம்பித்தன. ஊட்டி கமர்ஷியல் ரோட்டுப் பக்கம் ஒரு மாடிப்படிக்கு மேலே ரிப்பேர் கடை இருக்கிறது என்றார்கள். பஸ்ஸில் மடியில் வைத்துத் தூக்கிப் போனேன்.

கடைக்கார அண்ணன் என் முன்னாலேயே பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ரப்பரில் இரண்டு கரிப்பொட்டு. ஒன்று பட்டு அடுத்தது படும் நேரத்தை வைத்துத்தான் எவ்வளவு வேகமாக அடித்தோம் என்று கருவி கணக்குப் போடுகிறது. ஒன்றில் பூஞ்சை பிடித்தால் கணக்கு தப்பும். "குன்னூர் ஈரம் தம்பி, துணி போட்டு மூடினா மட்டும் போதாது." 850 ரூபாய், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு இலவசம்.

அங்கே ஓடிக்கொண்டிருந்தது ராஜா பாட்டு இல்லை, மீட்டர்ஸ். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் ஊரின் ஃபங்க் குழு; ஃபங்க் என்றால் தாளத்தை முன்னால் வைக்கும் ஆட்ட இசை. தலைவர் ஆர்ட் நெவில், வாசிப்பது ஹாமண்ட் என்கிற மின்சார ஆர்கன். 1954இல், பதின்ம வயதிலேயே, ஹாக்கெட்ஸ் குழுவோடு பாடிய 'மார்டி கிரா மாம்போ' இன்றும் அந்த ஊர்த் திருவிழாவில் ஒலிக்கிறதாம். 1969இல் வந்த 'சிஸ்ஸி ஸ்ட்ரட்'டை அண்ணன் மூன்று தடவை போட்டார். மெட்டு கிட்டாருக்கும் பேஸ் கிட்டாருக்கும். நெவில் அடியில் ஆர்கனை விரித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார். குழுத் தலைவர், ஆனால் முன்னால் வரவே மாட்டேன் என்கிறார்! அப்புறம் தம்பிகளோடு சேர்ந்து நெவில் பிரதர்ஸ் ஆனதும், 2019இல் 81 வயதில் இறந்ததும் அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

சரி, குறைக்கு வருகிறேன். இரண்டு நாள் என்றவர் ஒன்பது நாள் இழுத்தார். போன் எடுக்கமாட்டார். ஒரு கல்யாணத்துக்கு வாடகைக் கீபோர்டு எடுத்ததில் 1,500 ரூபாய் போனது. ஒரு ஸ்டார் அதற்குத்தான் வெட்டு.

வாங்கப் போன அன்று வாசித்துப் பார்க்கச் சொன்னார். வழக்கம்போல இரண்டு கையாலும் நிரப்பினேன். "இடது கையைக் கீழே போடுங்க தம்பி, பேஸ்காரன் எதுக்கு இருக்கான்?" கட்டைகள் வெண்ணெய் மாதிரி இறங்கின.

போன வாரம் வெலிங்டன் பக்கம் ஒரு ரிசப்ஷனில் அப்படியே செய்தேன். பாதிப் பாட்டில் டிரம்ஸ் பையன் பதறிப்போய்த் திரும்பிக் கேட்டான்: "அண்ணே, கீபோர்டு மறுபடியும் போச்சா?"