ஷெட்யூல் வசதி உண்டு என்று விற்கும் என்கோடர் பெட்டியா? காசு கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

"ரிமோட் கன்ட்ரோல், ஷெட்யூல் எல்லாம் இதுலயே இருக்கு சார்" என்று சொல்லித்தான் கேமரா படத்தை நேரலையாக இணையத்துக்கு அனுப்பும் அந்த என்கோடர் பெட்டியை என் தலையில் கட்டினார்கள். வாராவாரம் நடக்கும் வகுப்பு ஒன்றை, பக்கத்தில் ஆளே இல்லாமல் நேரலையில் விட வேண்டும். அதற்காகத்தான் வாங்கியதே. பெயரைச் சொல்லவில்லை, இதே வேலையை வேறு பெயர்களிலும் செய்கிறார்கள்.

ஆரம்பத்தில் குறையே இல்லை. கேமராவிலிருந்து எச்டிஎம்ஐ உள்ளே போகும், ஆர்டிஎம்பி என்ற நேரலை அனுப்பும் முறை வழியாக யூடியூபுக்கு வெளியே வரும், நேரம் வந்தால் தானே ஓடும். பிறகு ஒரு நாள் வகுப்பு தொடங்கியது, ஸ்ட்ரீம் தொடங்கவில்லை. பெட்டியை இயக்கும் அந்த நிறுவனத்தின் இணையதளத்தைத் திறந்தால் ஷெட்யூல் பக்கத்தில் பூட்டுப் படம். "உங்கள் சோதனைக் காலம் முடிந்தது, சந்தா செலுத்தவும்". ஸ்டார்ட் பட்டனும் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. அங்கே பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது, கேமராவில் படம் வருகிறது, இங்கிருந்து ஒன்றும் செய்ய முடியவில்லை.

விஷயம் இதுதான்: ஷெட்யூல் பெட்டிக்குள் இல்லவே இல்லை. கால அட்டவணை அவர்கள் சர்வரில் இருக்கிறது. அங்கிருந்து கட்டளை வந்தால்தான் பெட்டி ஓடும். சந்தா நின்றாலோ அந்த நேரம் பார்த்து நெட் போனாலோ பிடித்து வைத்த பிள்ளையார்தான். நெட் இல்லாவிட்டால் எஸ்டி கார்டில் பதிவாவது ஆகும் என்று நினைத்தால், அதுவும் இல்லை.

சப்போர்ட்டில் கேட்டதற்கு, ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு செய்து, அதாவது வெளி இணையத்திலிருந்து உள்ளே வர வழி திறந்துவிட்டு, பெட்டியின் வெப் பக்கத்தை நேரடியாகத் திறந்துகொள்ளச் சொன்னார் ஒரு புண்ணியவான். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். அந்த வெப் பக்கம் மறையாக்கம் இல்லாத வெறும் எச்டிடிபி, பாஸ்வேர்டு "அட்மின்". உள்ளே ஸ்ட்ரீம் கீ, அதாவது உங்கள் சேனலில் நேரலை விடுவதற்கான ரகசியச் சாவி, பட்டவர்த்தனமாகத் தெரியும். அது கிடைத்தவர் உங்கள் சேனலில் எதை வேண்டுமானாலும் ஓட்டலாம். வெளியிலிருந்து பார்த்தே ஆக வேண்டுமென்றால் வயர்கார்டு மாதிரி ஒரு விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) போடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். திருப்பித் தரும் கெடுவும் சோதனைக் காலமும் ஒரே நாளில் முடிகிறதாம். என்ன பொருத்தம் பாருங்கள்!

வாங்குகிறவர்கள், திருப்பித் தரும் கெடுவுக்குள் ஒன்று செய்து பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பதிவு தொடங்கும்படி ஷெட்யூல் வைத்துவிட்டு நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். பதிவு தொடங்கினால் ஷெட்யூல் உள்ளே இருக்கிறது. அடுத்து மின்சாரத்தை அணைத்துப் போட்டு, நெட் இல்லாமலே கடிகாரத்தைப் பாருங்கள். என்னுடையது 1970 ஜனவரி 1 என்று காட்டியது. உள்ளே கடிகாரத்துக்கு பேட்டரியே இல்லை. இணையத்தில் சரியான நேரம் சொல்லும் என்டிபி சர்வரிடம் நேரம் கேட்டு வாங்கும் வரை அதற்குக் கிழமை தெரியாது. நெட்வொர்க்கின் ஃபயர்வாலில் (தடுப்புச் சுவரில்) என்டிபி பயன்படுத்தும் யுடிபி 123 என்ற வழி அடைபட்டிருந்தால் அதுவும் நடக்காது. யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறதா, உள்ளூர் நேரத்திலா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

இப்போது அதே நெட்வொர்க்கில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, பெட்டியின் ஸ்டார்ட் பட்டன் அனுப்பும் எச்டிடிபி கட்டளையை, குறித்த நேரத்தில் தானாக வேலை செய்யவைக்கும் கிரான் மூலம் அனுப்புகிறேன். சந்தா இல்லாமல் ஓடுகிறது. பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளின் (ஃபர்ம்வேரின்) அடுத்த பதிப்பில் இந்த வழியையும் அடைத்துவிடுவார்களோ என்று அப்டேட் பட்டன் பக்கமே போவதில்லை.