காரைக்குடிப் பழம்பொருள் கடையில் வாங்கிய போலந்துச் சீமாட்டி படம்

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளுள் ஒன்றில், சென்ற மாதம் 2,800 ரூபாய்க்கு ஒரு படம் வாங்கினேன். தேக்குச் சட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடியில் பழைய வார்ப்புக்கே உரிய குமிழ்கள் தெரிகின்றன. தாளின் கீழ் மூலையை இராமபாணப் பூச்சி அரித்திருப்பதைக் கடைக்காரரே முதலில் காட்டி, 200 ரூபாய் குறைத்துக்கொண்டார். என் மனக்குறை, சட்டத்தின் பின்புறம் ஒட்டியிருந்த சீட்டைப் பற்றியது. ‘போலந்து நாட்டுப் பெண் ஆளுநர், 18ஆம் நூற்றாண்டு’ என்று எழுதி, அதே அளவுள்ள மற்றப் படங்களைவிட ஆயிரம் ரூபாய் கூட்டி வைத்திருந்தார்கள்.

படத்தின் அடியில் பொடி எழுத்தில் இருப்பது அன்னா யாப்வொனோவ்ஸ்கா என்ற பெயரும் ‘வொயெவோஜினா’ என்ற பட்டமும். வொயெவோடா என்றால் மாகாணத் தலைவர். வொயெவோஜினா அவருடைய மனைவி. ஸ்டாரொஸ்தா என்ற வட்டார அதிகாரியின் மனைவியும் இவ்வாறே ஸ்டாரொஷ்சினா எனப்பட்டார். கலெக்டரின் மனைவியையும், கலெக்டராகவே வந்த பெண்ணையும் நாம் ‘கலெக்டரம்மா’ என்றே அழைக்கிறோமே, அந்தக் குழப்பந்தான்.

ஆனாலும் சீட்டை முழுப் பொய் என்று தள்ள மனம் வரவில்லை. ஸ்டாரொஸ்தாவுக்கு அரசரின் நிலங்கள் அனுபவத்துக்குக் கிடைக்கும். வருமானத்தில் நான்கில் ஒரு பங்கு கருவூலத்துக்குரியது. அரசரின் ஒப்புதலோடு மனைவியின் பெயரையும் பத்திரத்தில் சேர்த்துவிட்டால், கணவர் காலமான பின்னும் அந்த அம்மையார் ஆயுள் வரை நிலத்தை ஆண்டு வரலாம். ஆக, பட்டம் மட்டும் உடையவரும் உண்டு, உரிமையும் உடையவரும் உண்டு.

அன்னாவின் செல்வாக்கோ சொந்த நிலத்திலிருந்து வந்தது. பிரட்ஸ்லாவ் மாகாணத் தலைவரான கணவர் 1764இல் இறந்தபின், ஷெமியாதிச்செ, கோட்ஸ்க் ஆகிய ஊர்களைத் தாமே நிருவகித்து, காரியக்காரர்களுக்கான விதிகளை எட்டுத் தொகுதிகளாக அச்சிட்டார். மருத்துவச்சிகளுக்குப் பள்ளி நடத்தினார். (கணவர் பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போயிருக்க, வீட்டையும் வரவுசெலவையும் கட்டிக்காத்த ஆச்சிமாரைப் பார்த்த நமக்கு இது புதிதன்று.) அவர் சேர்த்த இயற்கைப் பொருட்காட்சியை 1802இல் ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்சாந்தர் வாங்கினார், 1812இல் மாஸ்கோ எரிந்தபோது அதுவும் அழிந்தது. இத்தனையும் உடையவருக்கு ஆளுநர் பட்டத்தைக் கடைக்காரர் ஏன் ஒட்டவேண்டும்?

வைக்கோல் சுற்றிக் கட்டிக் கொடுத்ததால் படம் தேவகோட்டை வரை கீறலின்றி வந்தது. இதே வரிசையில் இன்னும் இரண்டு படங்கள் அங்கே உள்ளன. வாங்க நினைப்பவர்கள் பின்புறச் சீட்டை விட்டுவிட்டு, முன்புறப் பொடி எழுத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் படித்த பிறகு விலை பேசுவது நல்லது.