ஆறு மாதச் சந்தா, அறுபத்து மூன்று வரன்கள்

மகளுக்கு வரன் பார்க்க ஒரு திருமணத் தகவல் இணையதளத்தில் ஆறு மாதச் சந்தா கட்டினேன். 6,500 ரூபாய். தளத்தின் பெயர் வேண்டாம். முப்பது ஆண்டுகள் பள்ளியில் விலங்கியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். பார்வை கொஞ்சம் அந்தப் பக்கமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜாதகப் பொருத்தம் நொடியில் வந்துவிடுகிறது. ரஜ்ஜு தட்டினால் சிவப்பில் காட்டுகிறது. ஜோசியர் தட்சணை மிச்சம்.

தகராறு வயதில் ஆரம்பித்தது. பெண்ணுக்கு 29 என்று போட்டதும், மாப்பிள்ளைக்கு 29 முதல் 34 என்று அதுவே நிரப்பிக்கொண்டது. 28 என்று மாற்றினால் ஏற்கவில்லை. உளவியலாளர் டேவிட் பஸ் 1989இல் வெளியிட்ட ஆய்வுதான் நினைவுக்கு வந்தது. 37 பண்பாடுகளில் பத்தாயிரம் பேருக்கு மேல் கேட்டுப் பார்த்தார். பெண்கள் சராசரியாக மூன்றரை வயது மூத்த துணையையும், ஆண்கள் இரண்டரை வயதுக்குச் சற்று மேல் இளைய துணையையும் விரும்பினார்கள். கருவைச் சுமப்பவளுக்குத் துணையின் சம்பாத்தியம் முக்கியம், ஆணின் கண்ணுக்கு இளமை கருவளத்தின் அடையாளம் என்பது பரிணாம விளக்கம். பெண் கையில் காசு இல்லாத சமூகம் பழக்கிய பழக்கம் அது என்று மறுப்பவர்களும் உண்டு. என் மகள் அங்கே வந்த பையன்களில் பாதிப் பேரைவிட அதிகம் சம்பாதிக்கிறாள். நான் மறுப்பவர்கள் கட்சி. எப்படியானாலும், சராசரியைக் கொண்டுபோய்க் கதவுக்குப் பூட்டாக மாட்டுவானேன்?

வந்த 63 வரன்களில் 11 பேர் கார்மேல் சாய்ந்து நிற்கிறார்கள். மயில் தோகை பாடம் நடத்தியவளுக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? நோஞ்சான் மயிலால் அவ்வளவு பெரிய தோகையைச் சுமக்க முடியாது, அதனால்தான் பெடை அதை நம்புகிறது என்றார் உயிரியலாளர் அமோட்ஸ் சஹாவி, 1975இல். இங்கேயோ, ஒரே ஊர்ப் பையன்கள் இருவர் ஒரே வெள்ளைக் கார்மேல் சாய்ந்திருந்தார்கள். பதிவு எண்ணும் ஒன்றே. இரண்டு பேருக்கும் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற பச்சை முத்திரை வேறு! அலுவலகத்தை அழைத்துக் கேட்டேன். "அது கைபேசி எண்ணுக்கு மட்டும்தான், அம்மா" என்றார் அந்தப் பெண். உண்மையைச் சொன்னதற்காக அவருக்கு ஒரு நட்சத்திரம்.

பஸ்ஸின் அதே ஆய்வில் ஆணும் பெண்ணும் பணத்துக்கும் அழகுக்கும் மேலே வைத்தவை அன்பும் புரிந்துகொள்ளும் குணமும், பிறகு அறிவும். இந்தத் தளத்தில் உயரம், எடை, நிறம், மாத வருமானம், சொந்த வீடு எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. குணத்துக்கு? ‘குடும்ப மதிப்பு: பாரம்பரியம் / மிதம் / நவீனம்’. நாங்கள் மிதம் போட்டோம். எல்லோரும் மிதம்தான் போட்டிருக்கிறார்கள்.

சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி வாரம் இருமுறை அழைப்பு வருகிறது. 28 வயதுப் பையன் ஒருவனைக் காட்டுங்கள், கட்டுகிறேன் என்றேன். மேலாளரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். இப்போதைக்கு ஐந்துக்கு இரண்டு.